தேவையில்லாத பாத்திரம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அந்த ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஏழடி உயரமும், முகத்தை மூடிய இரும்புக் கவசமும், முழங்கை வரை காய்ந்துபோன ரத்தமும், தோளில் ஓர் ஆள் நீளக் கோடரியுமாக வாசலில் நின்று, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, காலில் ஒன்றும் இல்லாததால் கோடரியைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். தினசரிகளை நூலில் கோத்துக்கொண்டிருந்த நூலகர் எஸ்தரம்மா தலையை நிமிர்த்தாமலே வருகைப் பதிவேட்டை நகர்த்தி, பெயரெழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயர் இல்லை என்றார் வந்தவர். அப்படியென்றால் கைநாட்டு வையுங்கள் என்று மைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார் எஸ்தரம்மா. அன்றைக்கு வந்தவர்களில் அவர் பதினான்காவது ஆள்.

நான் நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்கு ஜெராக்ஸ் அண்ணாச்சி என்றுதான் பெயர். சொந்தப் பெயர் வீட்டுவரி ரசீதில் மட்டும் இருக்கிறது, அதிலும் எழுத்துப் பிழையோடு. வந்தவரைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கென்ன, ஊருக்கே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் ஊரில் ‘பெயரிலாக் கோட்டை’யைப் படிக்காத ஆள் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். சூரியன் உதிக்காத ஒரு கோட்டை, எலும்புகளின் மேல் உட்கார்ந்து ஆளும் அரசன், செத்தவர்களின் குரலில் பேசும் காக்கைகள், கஞ்சியில் மிதக்கும் பற்கள். அந்தக் கோட்டையில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். உப்பு சுமக்கும் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, எங்கேயோ காதில் விழுந்த ஒரு சொல் பிடித்துப்போய், ‘நான் அல்லி’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறாள். அந்தக் குற்றத்துக்காக அவள் தலையை வெட்டச் சொல்கிறான் அரசன். வெட்டுவதற்கென்று ஒருவன் இருக்கிறான். நூலகத்துக்கு வந்தவர் அவர்தான்.

எங்கள் ஊர் வாசகர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகத்தைப் படித்துவிட்டுச் சும்மா திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. ஓரத்தில் கருத்து எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். ‘சுமார்.’ ‘படிக்கலாம், சாப்பிட்டுவிட்டுப் படிக்க வேண்டாம்.’ ‘பக்கம் 40 பார்க்க’ என்றிருக்கும், நாற்பதுக்குப் போனால் ‘பக்கம் 305 பார்க்க’ என்றிருக்கும், அங்கே போனால் ‘வேலைவெட்டி இல்லாதவனே, படிக்கிற வேலையைப் பார்’ என்று நமக்கே ஏச்சு விழும். ‘பெயரிலாக் கோட்டை’யில் ஓரம் முழுக்க மை. ‘இவ்வளவு இருட்டு உடம்புக்கு ஆகாது.’ ‘எழுதியவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ.’ ‘மூன்று நாள் தூங்கவில்லை, அடுத்த பாகம் எப்போது?’ இப்படியெல்லாம் எழுதியிருந்ததற்கு நடுவில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில், வெட்டுகிறவன் கோடரியைக் கையில் எடுக்கும் இடத்துக்கு நேராக, பச்சை மையில் ஒரு வரி இருந்தது. ‘தேவையில்லாத பாத்திரம்.’

அந்தப் பக்கத்தைத்தான் வந்தவர் எஸ்தரம்மாவின் மேஜையில் விரித்து வைத்து, கரி படிந்த விரலால் தொட்டுக் காட்டினார்.

“அம்மையே, இதை எழுதியவரை நான் காண வேண்டும். முப்பத்தோராம் அத்தியாயத்துக்கும் முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதன் வழியாக வந்திருக்கிறேன். நெடுநேரம் தங்க இயலாது.”

புத்தகத்தில் வரும் ஆள் என்பதால் புத்தகத் தமிழ்தான் பேசினார். எஸ்தரம்மா பக்கத்தைப் புரட்டினார். அடுத்தது கடைசி அத்தியாயம், ஒரே ஒரு பக்கம். அது வெள்ளையாக இருந்தது. பைண்டிங்கில் தவறு என்றுதான் முதலில் நினைத்தாராம். நான் என் கடையில் இருந்த சொந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன், அதிலும் வெள்ளை. மற்ற ஊர்களிலும் அப்படித்தான் என்று அன்று சாயங்காலமே செல்போனில் புகார்கள் வர ஆரம்பித்தன. ஆள் இங்கே நிற்கும்போது அங்கே எப்படி அத்தியாயம் நடக்கும்?

பச்சை மை யாருடையது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. கீழ பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகவடிவு ஒருத்திதான் பச்சை மையில் எழுதுவாள். ஐம்பது வயது, கனத்த கண்ணாடி, கடையில் வியாபாரம் ஓய்ந்த நேரமெல்லாம் கொலை, பேய், சாபம் என்று இருட்டுப் புத்தகங்களாகப் பார்த்துப் படிப்பவள். கோடரிக்காரர் கடைவீதி வழியாக நடந்துபோய் அவள் கடை வாசலில் நின்றபோது, வடிவு ஏறிட்டுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “வாங்க, உக்காருங்க” என்று ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டாள். நாற்காலி அவரைத் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

“நான் தேவையில்லை என்று எழுதியது தாங்களா?” என்றார் அவர்.

“ஆமா, கோவத்துல எழுதிட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

“மெய்யாகவே நான் தேவையில்லையா? உறுதியாகச் சொல்வீர்களா?”

வடிவு அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். கடைவாசலில் கூடியிருந்த நாங்களும் தப்பாகவே புரிந்துகொண்டோம். ஆறு மாசமாய் ஓர் ஊரே படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தில் உன்னைத் தேவையில்லை என்று ஒருத்தி எழுதிவிட்டால் மனிதனுக்கு வலிக்காதா? ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது எங்களுக்கு. எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு, ஒருத்தர் முகம் வாடினால் பொறுக்க மாட்டோம், உடனே நல்ல வார்த்தை சொல்லியே ஆளை ஒருவழி பண்ணிவிடுவோம். டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்து, கவசத்தின் வாய்த் துளைக்கு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். “நீங்கதாங்க கதைக்கே உயிரு” என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து அவர் வடிவு கடையிலேயே தங்கினார். சும்மா இருக்கிற கை அல்ல அது. மறுநாளே, ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பெயர் வெட்டச் சொல்லி நெருக்க, வடிவு ஒரு கையால் வெட்டிக்கொண்டே மறுகையால் பில் போட்டுத் திணறுவதைப் பார்த்து, “வெட்டுவதா? அது எனக்குத் தெரிந்த தொழில்” என்று எழுந்து வந்தார். மெஷினை எப்படிப் பிடிப்பது என்று அவள் காட்டினாள். சிறிய மெஷின், பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டால் அதிர்ந்து அதிர்ந்து எவர்சில்வரில் எழுத்து விழும். நடுக்கமே இல்லாத கை அவருக்கு. முதல் தூக்குவாளியில் ‘ச. பேச்சியம்மாள்’ என்று வெட்டி முடித்துவிட்டு, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பெயரை வைத்திருப்பதற்காக இவரை யாரும் தண்டிக்க மாட்டார்களா?”

“பேரு இல்லன்னாத்தான் தண்டனை. விருந்துக்குக் கொடுத்த பாத்திரம் ஒண்ணும் வீடு திரும்பாது” என்றாள் வடிவு.

“முன்னால் நிற்கும் இந்த ஒற்றை எழுத்து யாது?”

“அது இனிஷியல். பேரு வச்சவங்களோட எழுத்து முன்னால நிக்கணும்லா.”

அவர் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு செம்பு, டம்ளர், தாம்பாளம், இட்லிக் கொப்பரை என்று வருகிற பாத்திரத்திலெல்லாம் வெட்டினார். பேச்சியம்மாள், மாடசாமி, ஆமினா, கனியம்மாள், செல்லப்பா என்று வெட்டுகிற ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பழைய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள், ஏற்கெனவே பெயர் உள்ள பாத்திரத்தில் இன்னொரு தரம் வெட்டச் சொன்னவர்களும் உண்டு.

இதற்கிடையில் பெண்களுக்கு வேறு கவலை. முப்பத்தோராம் அத்தியாயத்தின் கடைசி வரி, ‘அல்லி மண்டியிட்டுப் பலகையில் கழுத்தை வைத்தாள்’ என்று முடிகிறது. ஆள் இங்கே வந்துவிட்டார், சரி. அந்தப் பிள்ளை அங்கே மண்டி போட்டபடியே இருக்கிறாளே, முட்டி வலிக்காதா? அவளையும் கூட்டி வந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டதற்கு, கழுத்துப் பலகை பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார் அவர். அதனால் ஒருத்தி பழைய பட்டுச் சேலையில் ஒரு துண்டு கிழித்து அந்தப் பக்கத்தில் வைத்தாள், இன்னொருத்தி பஞ்சு வைத்தாள், மற்றொருத்தி பேரப்பிள்ளையின் கம்பளித் தொப்பியை வைத்தாள். ஒரே வாரத்தில் புத்தகம் கர்ப்பிணி மாதிரி உப்பிவிட்டது. “துணி வைங்க, வேண்டாங்கல, வலிக்குன்னு தைலம் தடவாதீங்க, பக்கம் ஒட்டுது” என்று எஸ்தரம்மா தினமும் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் பூட்டுகிற நேரத்தில் அவரே அந்தப் பக்கத்தை விரித்துக் கொஞ்ச நேரம் விசிறிவிட்டுப் போவதை நான் கடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆண்கள் சும்மா இருந்தோமா? அங்கேதான் வந்தது வினை. பச்சை மை அவர் மனதைப் புண்படுத்தியிருக்கிறது, அதற்கு மருந்து போட வேண்டும் என்று முடிவு செய்து, நூலகத்துக்கு வரிசையாகப் போய் அதே பக்கத்தில் பேனாவால் எழுதினோம். ‘அற்புதமான பாத்திரம்.’ ‘இவர் வரும் இடமெல்லாம் புல்லரிக்கிறது.’ என் பங்குக்கு நான், ‘இவன் இல்லாமல் கதையே இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். நாற்பத்து மூன்று கருத்துகள் சேர்ந்ததும் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவீதியே பார்க்க அவர் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். கவிழ்த்த அண்டாவில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஐயா, என் கோடரியை நிறுத்துப் பார்ப்பீர்களா?”

பழைய பித்தளை எடுக்கிற தராசு கடையிலேயே இருந்தது. அவர் வந்த அன்று ஒரு கையால் சாத்திவைத்த கோடரி அது. வடிவு சும்மா விளையாட்டுக்கு அன்றைக்கு நிறுத்துப் பார்த்ததில் ஒன்பது கிலோ இருந்தது. இப்போது நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட வேண்டியிருந்தது. நூற்று முப்பத்தெட்டு கிலோ.

“நீங்கள் ஒவ்வொருவரும் என்னைத் தேவை என்று எழுத எழுத அது கனக்கிறது. இன்னும் சற்றுக் கனத்தால் என்னை அங்கே இழுத்துக்கொள்ளும். நான் தேவையில்லை என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பித்தான் வந்தேன். நான் தேவையில்லையென்றால் அவள் தலை விழவேண்டியதில்லை அல்லவா?”

மருந்துக்கடைக்காரர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்து, இனி எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த லேமினேட்டைப் பிடுங்கிக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது. நான் போட்ட இரண்டு கோடு எத்தனை கிலோ என்று எனக்கு மட்டும் தெரியாதா?

நூலகத்துக்கு ஓடினோம். பேனா மை ரப்பருக்கு அழியவில்லை. கடைசிப் பக்கத்தில் நாமே வேறு முடிவு எழுதிவிடலாம் என்று எஸ்தரம்மா ‘அல்லி எழுந்து வீட்டுக்குப் போனாள்’ என்று பென்சிலால் எழுதினார். எழுத்துகள் வழுக்கிக்கொண்டு மேஜையில் கொட்டின. அவற்றைக் கூட்டி அள்ளி மறுபடி எழுதினார், மறுபடி கொட்டின. அந்த வெள்ளைப் பக்கம் தன் பழைய வரிகளைத் தவிர எதையும் ஏற்காது என்று தெரிந்துபோயிற்று. அந்தப் பழைய வரிகள் என்ன? எல்லோருக்கும் நினைவிருந்தது, ஆளுக்கொரு மாதிரி. தலை உருண்டது என்றார் ஒருவர். ரத்தம் படிக்கட்டில் இறங்கியது என்றேன் நான், சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். வடிவுதான், “நான் எழுதி வச்சிருக்கேன்” என்று கடைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியின் மடலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மனதை அறுக்கிற வரிகளைப் பாத்திரம் வரும் பெட்டிகளில் எழுதிவைப்பது அவள் வழக்கம். பச்சை மையில் இருந்தது.

‘கோட்டை மணி ஒருமுறை அடித்தது. அவன் வெட்டினான். பார்த்திருந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து அவன்முன் குனிந்தார்கள். அன்றோடு அந்தக் கோட்டையில் எண்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று.’

அவ்வளவுதான். ஒரு கோட்டையே வரிசையில் வந்து கழுத்தைக் கொடுத்த கதை. இதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் ஆறு மாசமாக இருட்டு, இருட்டு என்று எழுதிக் குவித்திருந்தோம்.

அடுத்த மூன்று நாளும் யாரும் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் வேறு ஊர்களில் இருக்கிறவர்கள் செல்போனில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். கோடரி இருநூறைத் தாண்டியது. அவர் பாதம் வைத்த இடமெல்லாம் சிமெண்டுத் தரை கறுத்தது. அப்படியும் அவர் பெயர் வெட்டுவதை நிறுத்தவில்லை. புதன்கிழமை பகலில், பெயர் வெட்ட ஒரு குடத்தைக் கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்த கனியம்மாள், வீதியின் அந்தப் பக்கத்திலிருந்தே கூவினாள்.

“ஏ வடிவக்கா, அண்ணன் வெட்டிட்டாரா?”

“வெட்டிட்டாரு, வெட்டிட்டாரு. வந்து குனிஞ்சு பாத்து, சரியா இருக்கான்னு சொல்லு” என்றாள் வடிவு.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த தாம்பாளம் கீழே விழுந்து வட்டமிட்டுச் சுற்றி ஓய்ந்தது. கனியம்மாள் வந்து, குடத்தின் முன் குனிந்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்து, இனிஷியலும் சரியாக இருக்கிறது என்றாள். எப்போதோ செத்துப்போன அவள் அப்பாவின் எழுத்து அது. சந்தோஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

“ஜெராக்ஸ் அண்ணாச்சி, எஸ்தரம்மாவைக் கூப்பிடுங்க. ஓடுங்க” என்றாள் வடிவு.

எஸ்தரம்மா மூச்சிரைக்க வந்தார். வடிவு அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அவன் வெட்டினான்னு இருக்கு. எதை வெட்டினான்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

எஸ்தரம்மா தமிழ் படித்தவர். ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். “செயப்படுபொருள் இல்லட்டி” என்றார். “எதை வெட்டினான்னு எழுத்துல இல்ல. நாமளாத்தான் தலைன்னு வச்சிக்கிட்டோம்.”

வடிவு கோடரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க வரியை மாத்த வேண்டாம். மணி அடிக்கட்டும். வெட்டுங்க. அந்தப் பிள்ளை பேரை வெட்டுங்க.”

அவர் எழுந்தார். கவசத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. “எதில் வெட்டுவேன்? அங்கே பாத்திரங்கள் மண்ணாலானவை.”

“உங்க கோடாலி அலகு இம்புட்டு அகலம் இருக்கே, ஒரு ஊரே அதுல அடங்கும். முன்னால வந்து குனிஞ்சு பாக்குற எல்லார் பேரையும் அதுலயே வெட்டுங்க. அப்புறம் அதால வேற எதை வெட்ட முடியும்?”

அங்கே கரண்ட் இருக்காது என்பதால் மெஷின் உதவாது. வடிவு கல்லாப் பெட்டிக்கு அடியில் துழாவி, மெஷின் வருவதற்கு முன்னால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய சிற்றுளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, உங்க பேரு என்ன வெட்ட என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். “எனக்கு வைப்பவர் இன்னும் மண்டியிட்டிருக்கிறார்.” அவர் டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை. அது வெறுமையாகவே அலமாரியில் இருந்தது.

பிறகு கோடரியை நோக்கிப் போனார். இருநூறு கிலோவைத் தூக்கக் கைகொடுக்க நாங்கள் முண்டியடித்து வந்தோம், அவர் அதைக் குடையை எடுப்பதுபோல் ஒரு கையால் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஊரே பின்னால் வர நூலகத்துக்கு நடந்தார். எஸ்தரம்மா பதிவேட்டை நீட்டி, வெளியே போகும் நேரம் எழுதி இன்னொரு கைநாட்டு வைக்கச் சொன்னார். புத்தகத்தைத் திறந்து வைத்தார். அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இரண்டு அத்தியாயத்துக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில், வாசலில் செய்ததுபோலவே, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். அப்போது பகல் மூன்றே கால்.

உடனே கடைசிப் பக்கத்தில் எழுத்து வந்தது. அதே ஐந்து வாக்கியம், ஒரு சொல்கூட மாறவில்லை. துணிகளும் பஞ்சும் தொப்பியும் மட்டும் புத்தகத்தில் இல்லை.

வெளியூர்களில் இன்றைக்கும் அதை, படித்ததிலேயே கொடூரமான முடிவு என்றுதான் சொல்கிறார்கள். எழுதியவரைத் திட்டுகிறார்கள், பாராட்டுகிறார்கள், வயிறு எரிகிறது என்கிறார்கள். நாங்கள் சண்டைக்குப் போவதில்லை. எங்கள் நூலகப் பிரதியில், பச்சை மையில் எழுதிய ‘தேவையில்லாத பாத்திரம்’ என்பதற்குக் கீழே, அதே பச்சை மையில் ‘பேர் வெட்டியாச்சு’ என்று வடிவு எழுதியிருக்கிறாள். எனக்கு மட்டும் மனதில் ஒரு மூலையில் பயம் இருந்தது. உண்மையிலேயே பெயரைத்தான் வெட்டினாரா? எழுத்து மாறவே இல்லையே, நாம் நினைத்துக்கொள்வதுதானே? வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. வடிவும் அப்படித்தான் இருந்திருக்கிறாள்; தினமும் கடை திறந்ததும் அந்த வெறும் டம்ளரைத் துடைத்துத் துடைத்து வைப்பாளாம்.

நான்கு மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, கடையைத் திறந்த கையோடு வடிவு டம்ளரை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். முந்தானையை விலக்கிக் காட்டினாள். டம்ளரின் விளிம்புக்குக் கீழே, சிற்றுளியால் புள்ளி புள்ளியாக, பெயர் விழுந்திருந்தது. கோணல்மாணலான எழுத்து. அவர் கை நடுங்காது. இது உளி பிடித்துப் பழகாத சின்னக் கை ஒன்று அடித்தது.

‘அ. காத்தான்’ என்றிருந்தது.

நான் எஸ்தரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் டம்ளரின் முன் குனிந்து படித்தார், முதலில் இனிஷியலை விரலால் தொட்டார், அப்புறம் பெயரைத் தொட்டார். இதற்கும் செயப்படுபொருள் இல்லை என்றார். யாரைக் காத்தான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வடிவு அந்த டம்ளரில் டீ வாங்கி வரச் சொன்னாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.